நலன் என்பது கொடையன்று

(தில்லியில் பயிலும் தமிழ் மாணவர்களிடையே, மாணவர் சங்கத் தேர்தலையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் நலனைக் கவனிக்கும் பொறுப்புக்குப் போட்டியிட விரும்புவதாக ஒரு தோழர் இங்கே அறிவித்தார். உடனே மற்றொரு தோழர், "மெஸ் பருப்பில் தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்கும் வேலைதானே அது? அதில் அரசியல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறுவதே என் உரையின் நோக்கம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் தமிழ் முதுகலை பயின்றபோது, விடுதி அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். மெஸ் கட்டண நிலுவை வைத்திருப்போரின் பெயர்ப் பட்டியல் அது. பெயர் வந்தால் சாப்பாடு நிறுத்தப்படும். என் அறைத் தோழர் விவசாயக் கூலித் தொழிலாளியின் மகன். ஒரு மாதம் அவர் பெயரும் வந்தது. இரண்டு வாரம் எங்கள் தட்டில் பகிர்ந்துண்டார். பிறகு ஒருநாள் விடியுமுன் தகரப் பெட்டியுடன் சென்றுவிட்டார். 'தாமாக விலகினார்' என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

அப்போது நான் மாணவர் சங்க உறுப்பினன். உலக அரசியலை மணிக்கணக்கில் விவாதித்த நாங்கள், டிவைடிங் முறையில் அந்தக் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பின்னர் கேட்டபோதுதான், சமையல் தொழிலாளர்களின் ஊதியமும் மாணவர்கள் தலையிலேயே பங்கிடப்பட்டது தெரிந்தது. அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

இது பழங்கதையன்று. 2019 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகம் புதிய விடுதி விதிகளைக் கொண்டுவந்தது. மாதம் 20 ரூபாயாக இருந்த தனியறை வாடகை 600 ரூபாய். 10 ரூபாயாக இருந்த இருவர் அறை வாடகை 300 ரூபாய். இவற்றுக்கு மேல், அதுவரை இல்லாத சேவைக் கட்டணம் மாதம் 1,700 ரூபாய். மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் செலவோடு ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதியச் சுமையையும் மாணவரிடம் தள்ளிவிடும் ஏற்பாடே அது. அரசு தன் கடமையிலிருந்து விலகும்போது, அவ்விலகல் முதலில் வந்து சேரும் இடம் மெஸ் பில்தான்.

மாணவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? முழக்கத்தோடு கணக்கையும் கையிலெடுத்தார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் குறைவு என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையே கூறியது. அந்த ஓர் எண், போராட்டத்தின் நியாயத்தை நாடறியச் செய்தது. நவம்பர் 18 அன்று நாடாளுமன்றம் நோக்கிச் சென்றவர்கள் தடியடிக்கு ஆளானார்கள், ஆயினும் பின்வாங்கவில்லை. 2020 ஜனவரியில், பழைய விடுதிக் கட்டணத்திலேயே பதிவு செய்யத் தில்லி உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணையில் அனுமதித்தது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். 'நலவுதவி' என்று எழுதிவிட்டால், கொடுப்பவர் மேடையில் நிற்கிறார். பெறுபவர் கை நீட்டுகிறார். நாம் கேட்பது உதவியன்று, உரிமை. ஆகவே "உங்களுக்கு இதைச் செய்து தருவேன்" என்று வாக்குக் கேட்காதீர்கள். "கணக்கைச் சேர்ந்து கேட்போம், வாருங்கள்" என்று அழையுங்கள்.

லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அவற்றின்படி வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது; அச்சிட்ட சுவரொட்டி கூடாது; நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம். இவ்விதிகள் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. மாணவர் தலைமை அனுபவம் பெறும் நேரத்தில் அதனை விலக்கிவிடும் ஏற்பாடு இது. அதற்கு நம் விடை கூட்டுப் பொறுப்பே. நீங்கள் திரட்டும் கணக்கு உங்கள் பையில் இராமல் சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும். அடுத்து வருபவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

வென்ற முதல் வாரத்திலேயே மூன்று பணிகளைத் தொடங்குங்கள். மெஸ் வரவு செலவை மாதந்தோறும் வெளியிடக் கோருங்கள். நிலுவையுள்ளவர்களைப் பலகையில் பெயர் ஏறுமுன் தனியே சந்தியுங்கள். வராத உதவித்தொகையே பலருடைய நிலுவைக்குக் காரணமாக இருக்கும். மெஸ் தொழிலாளர்களிடம் அமர்ந்து பேசுங்கள். அவர்களுடைய ஊதியத்தைக் குறைத்து நம் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று நிர்வாகம் சொன்னால், அதனை ஏற்க மறுங்கள்.

தோழர்களே, பருப்பில் தண்ணீர் கூடியதா என்று பார்ப்பதும் வேண்டும். ஏன் கூடியது என்று கேட்கும் இடத்தில் அரசியல் தொடங்குகிறது. பசியால் போன ஒருவரைத் 'தாமாக விலகினார்' என்று இனி எந்தப் பதிவேட்டிலும் எழுத விடக்கூடாது. அதற்காகப் போட்டியிடுங்கள். வெற்றி பெற வாழ்த்துகிறேன்.