டிராக்டர் பானட்டைத் திறக்குமுன்



கோடையிலே புழுதி உழவு ஓட்டும்போது டிராக்டர் சூடேறிவிடும். முள் சிவப்புக்குப் போனதுமே பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரிலோ மூடி இறுக்கிப் பிடித்திருப்பதால், அதற்கு மேல் சூடேறியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகினீர்களோ, அழுத்தம் விட்டுப்போய், ஆவியும் வெந்நீருமாய் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கண்ணே போய்விடலாம்.

ஆகவே என்ஜினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். விதைக்க ஆள் காத்து நிற்குதே என்பீர்கள், நிற்கட்டும். மேல் குழாயின் சூடு கை தாங்குமளவு தணிந்ததும், மடித்த கோணிச்சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, கொஞ்சமாய்த் திருகி நிறுத்துங்கள். சீறல் அடங்கின பிறகு கழற்றுங்கள். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், செலவு உங்களுக்குத்தான்.

பேன் பெல்ட்டை ஓடும் என்ஜினில் தொடவே கூடாது. தோளில் கிடக்கிற துண்டு சிக்கினால் போதும், ஆளையே இழுத்துவிடும். சாவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் ஏறி முடுக்கிவிடுவாங்க. பேட்டரி அருகே பீடி வேண்டாம். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

எல்லாம் ஆறினதும் ரேடியேட்டர் கண்களை அடைத்திருக்கிற சருகையும் புழுதியையும் தட்டி எடுங்கள். பல தடவை சூடேறினதற்குக் காரணம் அங்கேயே இருக்கும்.