பள்ளி வாசலும் தடுப்பூசியும்

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெல் விலையையும் இரணைமடுத் தண்ணீரையும் பற்றிய பேச்சுக்களைக் கேட்டுப் பழகிய உங்கள் முன்னால், குழந்தைகளுக்கு ஏற்றும் ஊசியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்திருப்பது புதுமையாகத் தோன்றலாம். தடுப்பூசி பெறாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்கலாமா? ஊசியைச் சட்டம் கட்டாயமாக்கலாமா? கட்டாயமாக்கினால் எவருக்கு விலக்கு அளிப்பது? உலகின் பல நாடுகளில் வழக்கு மன்றம் வரை சென்ற வினாக்கள் இவை. நம் மாவட்டத்திற்கும் இவற்றில் பங்குண்டு என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்லத் தொடங்குகிறேன்.

2010 ஆம் ஆண்டு. மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். இம்மாவட்டத்துப் பாடசாலையொன்றின் வாசலில் ஒரு தாய் ஐந்து வயதுப் பெண்பிள்ளையுடன் நின்றாள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. கிளினிக் கொப்பி என்று நம் தாய்மார் சொல்லும் சுகாதாரப் பதிவேடும் இல்லை. ஓடிய ஓட்டத்தில் எந்தப் பதுங்குகுழியில் அவை புதைந்தனவோ, யார் அறிவார்? ‘ஊசி போட்டதற்கு அத்தாட்சி எங்கே?’ என்று கேட்கப்பட்டபோது, அவள் பிள்ளையின் சட்டைக் கையை உயர்த்தி, இடது புயத்திலிருந்த பி.சி.ஜி. தழும்பைக் காட்டினாள். ‘இதுதான் ஐயா என்னட்டை இருக்கிற துண்டு’ என்றாள். அன்று அப்பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டது. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. பின்னர் வேறொருவர் தலையிட்டுச் சேர்த்துவிட்டதாகக் கேள்வியுற்றேன். ஆயினும், பேச வேண்டிய வேளையில் பேசாதிருந்த குறை என்னைவிட்டு அகலவில்லை. இன்று பேசுகிறேன்.

அன்பர்களே! கட்டாய ஊசி நமக்குப் புதியதன்று. 1886 ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு இலங்கையில் அம்மைப்பால் குத்துவதற்கெனக் கட்டளைச் சட்டம் இயற்றிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இங்கிலாந்திலே நடந்தது என்ன? அங்கே 1853 முதல் அம்மைப்பால் கட்டாயம். அபராதமும் சிறையும் கண்டு கொதித்த மக்கள் 1885 இல் லெஸ்ரர் நகரில் பெருந்திரளாகக் கூடி அச்சட்டத்தை எதிர்த்தனர். முடிவில் 1898 இல், மனச்சாட்சி இடந்தராத பெற்றோருக்கு விலக்கு என்னும் பிரிவு சட்டத்தில் புகுந்தது. 1907 இல் அந்த விலக்கைப் பெறுவது மேலும் இலகுவாயிற்று. தன் நாட்டுத் தொழிலாளி தெருவில் நின்று எதிர்த்த கட்டாயத்தை, அடுத்த ஆண்டே குடியேற்ற நாட்டுக்குச் சட்டமாக்கியது அவ்வரசு!

நம் முன்னோரும் அம்மைப்பாலுக்கு அஞ்சினர். அம்மை நோய் அம்மாளின் வருகை. வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்து, குளிர்த்தி செய்து அவளை வழியனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நம்பிக்கை. அதை எள்ளி நகையாட நான் வரவில்லை. நோயாளியைத் தனியே கிடத்தி, அயலாரை வாசலிலேயே நிறுத்திய அவ்வழக்கத்தில் மருத்துவ அறிவும் இருந்தது. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலிட்ட அதே தாய்மார் பிள்ளைகளின் கைகளை ஊசிக்கும் நீட்டினார்கள். 1980 இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. அம்மன் கோபித்துக்கொண்டதாக எந்த ஊரிலும் செய்தி இல்லை.

அமெரிக்க நாட்டுக் கதை வேறு. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் அம்மைப்பால் குத்த மறுத்த யேக்கப்சன் என்பவருக்கு விதித்த ஐந்து டொலர் அபராதம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பொது நலனுக்காகத் தனிமனிதச் சுதந்திரத்திற்கு நியாயமான வரம்பு கட்டலாம் என 1905 இல் தீர்ப்பாயிற்று. ஊசி பெறாத மாணவியைப் பள்ளிக்கூடம் விலக்கியது செல்லும் என 1922 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. பின்னர் மாநிலங்கள் பல மதத்தின் பெயராலும் சொந்தக் கொள்கையின் பெயராலும் விலக்குகளைத் திறந்துவிட்டன. டிஸ்னிலாந்துக் களியாட்டிடத்தில் பரவிய சின்னமுத்து 2015 இல் கலிபோர்ணியாவை விழிக்கச் செய்தது. மருத்துவக் காரணம் தவிர்ந்த ஏனைய விலக்குகளை அம்மாநிலம் நீக்கியது. உடனே என்ன நடந்தது? மருத்துவக் கடிதங்கள் பெருகின! அக்கடிதங்களைச் சோதிக்க 2019 இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஒரு கடவையை அடைத்தால் மாடு அடுத்த கடவையால் நுழையும் என்பதை நம் கமக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்காபறோவில் வாழும் உங்கள் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 1982 முதல் மாணவர் தடுப்பூசிச் சட்டம் உண்டு. பதிவு கொடாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து இருபது பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்தலாம். மருத்துவ விலக்கும் உண்டு. மனச்சாட்சி, மத விலக்கும் உண்டு. ஆனால் மனச்சாட்சி விலக்குக் கேட்பவர், 2017 முதல், தடுப்பூசி பற்றிய வகுப்பொன்றில் இருந்து கேட்டு, உறுதிமொழி கொடுக்க வேண்டும். அத்தனை இருந்தும் 2024 இன் பிற்பகுதியில் தொடங்கிய சின்னமுத்து அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. 2025 நவம்பரில் கனடா, சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1949 இல் பி.சி.ஜி., 1961 இல் முக்கூட்டு ஊசி, 1962 இல் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து, 1984 இல் சின்னமுத்து ஊசி என ஒவ்வொன்றாக வந்தன. போலீசார் எவரும் வாசலில் நிற்கவில்லை. வெள்ளம் நின்ற ஒழுங்கையிலும் சைக்கிளை உருட்டிச் சென்ற குடும்பநல மாதர், பெயர் சொல்லி அழைத்துப் பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் போதாத எண்ணிக்கையில் இருந்தது நம் வன்னியின் நீண்டகாலக் குறை. 1995 முதல் போலியோ தினங்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களும் உண்டு. வேறெதற்கும் ஒன்றுபடாத இரு தரப்பும் குழந்தையின் வாயில் விழும் இரு துளிக்காக ஒன்றுபட்டன. 1993 க்குப் பின்னர் இந்நாட்டில் இளம்பிள்ளைவாத நோயாளி எவரும் காணப்படவில்லை.

ஐயம் எழுந்த காலமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2008 இல் ஐங்கூட்டு ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்தபோது, அரசு அந்த ஊசியை நிறுத்தி, நிபுணரைக் கொண்டு ஆராய்ந்து, 2010 இல் மீண்டும் தொடங்கியது. மக்களின் நம்பிக்கை நிலைத்தமைக்கு இத்தகைய திறந்த நடத்தையும் காரணம் என்பது என் துணிபு. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடென நற்சாட்சி பெற்றோம். 2023 இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஒரு சின்னமுத்து நோயாளி, தடுப்பாற்றல் இல்லாத பன்னிருவர் முதல் பதினெண்மர் வரைக்கும் நோயைக் கொடுக்கவல்லவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைவராவது தடுப்புப் பெற்றிருந்தாலன்றி அது அடங்காது.

கமக்காரப் பெரியோர்களே! காலபோகத்திற்கு முன் நாம் கூட்டம் கூடுகிறோம். விதைப்புக்கு ஒரு திகதி, தண்ணீர் விடுவதற்கு ஒரு திகதி, மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்ற ஒரு திகதி எனத் தீர்மானிக்கிறோம். ‘என் மாடு, என் விருப்பம்’ என்று ஒருவர் சொன்னால் ஊர் விடுமா? ஆனால் மாடு நோயுற்று எழமாட்டாது கிடந்தால், அதை இழுத்துச் செல்லென்று ஊர் வற்புறுத்துமா? இந்த இரண்டு வினாக்களுக்கும் நீங்கள் தரும் விடையே ஊசிக்கும் என் விடை.

பாடசாலைச் சேர்க்கையின்போது தடுப்பூசிப் பதிவைக் கேட்க வேண்டும். கண்டிப்பாகக் கேட்க வேண்டும். விலக்கு, மருத்துவக் காரணத்திற்கு மட்டுமே. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, நோயெதிர்ப்புச் சக்தி பெரிதும் குன்றிய பிள்ளை, முந்திய ஊசியால் உயிராபத்தான ஒவ்வாமை கண்ட பிள்ளை ஆகியோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி எழுத்தில் விலக்குத் தரட்டும். அப்பிள்ளைகளைக் காப்பதற்காகவே மற்றப் பிள்ளைகள் ஊசி பெற்றாக வேண்டும். தடிமன் காய்ச்சலைச் சொல்லி வாங்கும் கடிதம் செல்லாது. கொள்கை மறுப்பாளர் நம்மிடையே மிகச் சிலரே. அவர்களுடன் ஒன்றுக்கு மூன்று முறை உட்கார்ந்து பேசலாம். அதற்கென ஒரு சட்டக் கடவையைத் திறந்துவைப்பதற்கு நான் உடன்படேன்.

ஆனால் பதிவு இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பலாகாது. தகப்பன் மறுத்தானென்று பிள்ளையின் எழுத்தறிவைப் பறிப்பதும் தகாது. நோய் பரவும் நாட்களில் மட்டும் ஊசி பெறாதவரை வீட்டில் நிறுத்துவது வேறு. அது அப்பிள்ளையின் பாதுகாப்புக்கே. பதிவு தொலைந்ததா? பிள்ளையை முதலில் வகுப்பில் இருத்துங்கள். பெயரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். அங்குள்ள பழைய பதிவிலும் இல்லையென்றால், வயதுக்கேற்றவாறு விடுபட்ட ஊசிகளை ஏற்ற வழியுண்டு. முன்பு ஏற்றியதையே மீண்டும் ஏற்ற நேர்ந்தாலும் அதனால் பெருந்தீங்கு வருவதில்லை.

இன்னொன்று. ஆறாந் தரத்து மாணவியருக்கு 2017 முதல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கெதிரான ஊசி ஏற்றப்படுகிறது. ஏழாந் தரத்திலும் ஓர் ஊசி உண்டு. அவற்றைப் பற்றிப் பெற்றோருக்கு எழுதும் கடிதம், ஒரு தாய் ஒருமுறை வாசித்தால் விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். விளங்காத கடிதத்தில் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று நான் கொள்ளேன்.

அடுத்த ஆண்டு முதலாந் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்க்கவிருப்போர் இக்கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். இன்றிரவு பெட்டியைத் திறந்து கொப்பியைத் தேடுங்கள். இல்லாதவர்கள் அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையுடன் செல்லுங்கள். தனியே போகத் தயங்கும் தாய்மார் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.