நல்லா வயசாகுறது யாரால முடியுது? சீனா சொல்ற பதில்

சீனாவுல சாயந்திரம் ஒரு பூங்காவுக்குப் போனீங்கன்னா, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு பாட்டிங்க வரிசையா நின்னு ஆடிட்டிருப்பாங்க. சதுக்க நடனம்னு பேரு. ரீல்ஸ்ல அதைப் பார்த்துட்டு, "டிசிப்ளின் இருந்தா நாமளும் இப்படி இருக்கலாம்"னு நினைக்கிறோம். அதுல பாதிதான் உண்மை.

முதல்ல, நல்லா வயசாகுறதுன்னா என்ன? ஜான் ரோ, ராபர்ட் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-ல மூணு அளவுகோல் சொன்னாங்க: பெரிய நோயோ முடக்கமோ இல்லாம இருக்கணும், உடம்பும் மூளையும் நல்லா இயங்கணும், மனுஷங்களோடயும் வேலைகளோடயும் தொடர்பு இருக்கணும்.

சீனாவுல இதை அளக்க டேட்டா இருக்கு. பீக்கிங் பல்கலைக்கழகம் 2011-ல 'சார்ல்ஸ்'ங்கற கணக்கெடுப்பை நாடு முழுக்கத் தொடங்குச்சு. 45 வயசும் அதுக்கு மேலயும் உள்ள சுமார் 17,000 பேர். சில வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்கள்கிட்ட திரும்பப் போய்க் கேட்கறாங்க.

இந்த மாதிரி டேட்டாவுல திரும்பத் திரும்ப வர்ற விஷயங்கள்: பள்ளிப்படிப்பு, நகரத்துல வாழ்றது, வருமானம், கூட இருக்கிற துணை, சின்ன வயசுல கிடைச்ச சாப்பாடு. உடற்பயிற்சியும் சிகரெட் தொடாததும் லிஸ்ட்ல உண்டு. ஆனா அதுக்கு முன்னாடியே பாதி ஆட்டம் முடிஞ்சுடுது.

பெண்களையே எடுத்துக்கங்க. ஆண்களைவிட அதிக வருஷம் வாழ்றாங்க. ஆனா எழுந்து நடக்க, குளிக்கச் சிரமப்படுறதும் அவங்கதான் அதிகம். அந்தத் தலைமுறையில பள்ளிக்கூடமே போகாத பெண்கள் ஏராளம். அடுத்து கிராமம். 2009-ல கிராமப்புற பென்ஷன் திட்டம் வந்தப்போ அதோட அடிப்படைத் தொகை மாசம் 55 யுவானா இருந்துச்சு. நகரத்துல ரிட்டயர் ஆன ஊழியருக்கு ஆயிரக்கணக்கில் வரும். கிராமத்துத் தாத்தா எழுபதுலயும் வயல்ல இறங்குறாருன்னா, அது ஃபிட்னஸ் ஆர்வம் மட்டுமில்ல.

இன்னொரு சிக்கல். ஆடுறதால பாட்டி ஆரோக்கியமா இருக்காங்களா, ஆரோக்கியமா இருக்கிறதால ஆட வந்தாங்களா? முட்டிவலியோட வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க அந்த ரீல்ஸ்ல வர மாட்டாங்க. ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அர்த்தமில்ல.

2020 கணக்கெடுப்புப்படி சீனாவுல 60 தாண்டினவங்க 26 கோடிக்கும் மேல. அத்தனை பேரையும் "ஒழுங்கா வாழ்ந்தவங்க, வாழாதவங்க"ன்னு பிரிச்சா, பள்ளிக்கூடம் கிடைக்காத பொண்ணு மேலயும் பசியில வளர்ந்த பையன் மேலயும் பழி போடுறோம். நடைப்பயிற்சியை விட்டுடாதீங்க. ஆனா தளர்ந்துபோன ஒருத்தரைப் பார்த்தா, "என்ன தப்பு பண்ணார்"னு கேட்காம, "இவருக்கு என்ன கிடைக்கல"ன்னு யோசிங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.