விதி துணையே, தடையல்ல!



திறமூல மென்பொருளுக்கு நினைவக ஒதுக்கீட்டு விதிகள் துணையா, தடையா? தடை என்றார் எதிரணித் தலைவர். "நல்ல நிரலாளருக்கு இதெல்லாம் தெரியாதா?" என்றும் கேட்டார். தெரியும் ஐயா, அவருக்குத் தெரியும். நேற்று வந்து சேர்ந்தவருக்கு? இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போவார். முகம் தெரியாத இன்னொருவர் பல வருடம் கழித்துத் திருத்துவார். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாவை யார் திருப்பித் தருவது என்று முன்கூட்டியே பேசவில்லையென்றால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்ப்பார்கள், பெண் வீட்டார் சமையல்காரரைப் பார்ப்பார்கள், வாடகை ஏறிக்கொண்டே போகும். மென்பொருள் கேட்டு வாங்கிய நினைவகத்தை யாரும் திருப்பித் தராத நினைவகக் கசிவு என்பதும் இதுதான்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்கும் நினைவகம் எல்லாம் ஒரு சூழலின் கணக்கில் சேரும். வினவல் முடிந்ததும் அந்தச் சூழலையே கலைத்துவிடுவார்கள். தனித்தனியாகத் தேடித் திருப்பித் தர வேண்டியதில்லை.

அடுத்து லினக்ஸ். அதன் நிரல்நடை ஆவணத்தில் நினைவக ஒதுக்கீட்டுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வரிசைக்கு இடம் கேட்கும்போது எண்ணிக்கையையும் அளவையும் நீங்களே பெருக்காதீர்கள், அதற்கென உள்ள 'கேமல்லாக் அரே' என்ற செயற்கூறிடம் விடுங்கள் என்பது அதன் சாரம். ஏன் இத்தனை கண்டிப்பு? ஒன்று 4 பைட் வீதம் 107,37,41,825 உறுப்புகளுக்கு இடம் வேண்டும் என்று வையுங்கள். 32 பிட் கணக்கில் அந்தப் பெருக்கல் வழிந்து, மிஞ்சுவது வெறும் 4! நூறு கோடிப் பேருக்குப் பந்தல் கேட்டவருக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது. மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள்? பக்கத்து நினைவகத்தில்தான். ஊடுருவுபவர் காத்திருப்பதும் அதற்குத்தான். 'கேமல்லாக் அரே' இந்த வழிதலைக் கண்டுபிடித்து, இடமே தராமல் மறுத்துவிடும்.

"விதியைப் பார்த்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள்" என்றார் இரண்டாவது பேச்சாளர். எழுதாத விதிதான் ஐயா ஆளை விரட்டும்! அனுப்பிய திருத்தத்தை "இங்கே இப்படிச் செய்வதில்லை" என்று திருப்பி அனுப்பினால், அது எங்கே எழுதியிருக்கிறது என்று அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை உருவாக்குபவர்களோ இன்னும் ஒருபடி மேலே. சோதனையில் வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தோற்கடிக்கிறார்கள்: முதலில் முதல் கோரிக்கை, அடுத்த சுற்றில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் மென்பொருள் தடுமாறாமல் மீள்கிறதா என்று பார்க்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்காதவர்களால் இப்படிச் சோதிக்க முடியுமா?

நடுவர் அவர்களே, விதிகள் துணையே என்று எங்கள் அணிக்குத் தீர்ப்பளியுங்கள்.