பாயும் காற்றும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மாணவர் இருவர் கோடை விடுமுறையிற் சென்னைக்குச் சென்று சிறு பாய்ப்படகு செலுத்தப் பயில விரும்புகின்றனர். "வைகையில் மணலையே மிகுதியாகக் காணும் மதுரைப் பிள்ளைகட்குக் கடல் எதற்கு? உயிருக்கு யார் பிணை?" எனப் பெரியோர் சிலர் வினவினர். விடை கூறுமாறு செயலாளர் பணித்தமையின் ஈண்டு நிற்கின்றேன். யான் படகோட்டி அல்லேன், தமிழாசிரியன். நூல்களிற் கற்றதனையும் கரையில் நின்று கேட்டதனையுமே கூறுவல்.

முதற்கண், கடல் நமக்கு அயலன்று. வைகை கடலை அணுகும் பக்கத்தே அழகன்குளம் என்னும் ஊர் உளது. ஆங்கு அகழ்ந்தெடுத்த பானையோடு ஒன்றிற் பாய்மரக்கலத்தின் உருவம் கீறப்பட்டுள்ளது. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனுடைய முன்னோன் ஒருவன் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தினான் எனப் புகழ்கின்றார். காற்றை அடக்கினான் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. காற்றுத் தன் போக்கிலேயே வீசும். அதற்கேற்பப் பாயை இறுக்குதலும் நெகிழ்த்தலுமே மாலுமியின் தொழில்.

அஃது எங்ஙனமெனின், ஆடி மாதத்திற் காற்றாடி விடும் சிறுவனை நோக்குமின். காற்றுச் சட்டென வலுக்குங்கால் நூலை இறுகப் பற்றினால் அறுந்துபோம் என்பதறிந்து, அவன் விட்டுக் கொடுக்கின்றான். படகிலும் பாயை ஆளும் கயிறு ஒன்றுண்டு. கடலோடிகள் அதனைத் தாமான் என்பர். வன்காற்று மோதிப் படகு சாயும்போது, அஞ்சிய புதியவன் கையிலுள்ளதனை இறுகப் பற்றுவான், கையிலுள்ளதோ அக்கயிறே! இறுக்க இறுக்கப் பாய் காற்றை மிகுதியாக ஏற்றுப் படகைக் கவிழ்த்துவிடும். நெகிழ்த்துவானாயின் பாய் படபடத்துக் காற்றைக் கழிய விடும், படகு நிமிரும். ஆதலின் கயிற்றைக் காலத்தே விடுதலே முதற்பாடம். கை இதனைக் கற்க நாள் பல வேண்டும். அச்சம் கற்பிப்பது இதற்கு மாறானது.

உடலும் காற்று வரும் பக்கத்து விளிம்பிற் சாய்தல் வேண்டும். பாக்கு நீரிணைப் பக்கத்து மீனவர் படகின் குறுக்கே நீண்ட பலகையை இட்டு, வெளியே நீண்ட அதன் நுனியில் ஆட்களை ஏற்றிச் சாய்வை ஈடு செய்தனர். ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். பள்ளியில் நாம் கரும்பலகையில் வரைந்து வருந்திக் கற்பிக்கும் நெம்புகோல் விதி முழுதும் அப்பலகையில் அடங்கியுள்ளது.

எதிர்க்காற்றில் நேரே செல்லுதல் எப்படகிற்கும் இயலாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருகால் வலமும் ஒருகால் இடமுமாக மாறி மாறியே முன்னேறல் வேண்டும். சென்னையிற் கோடைக்காலத்தே காலையில் நிலத்தினின்று வீசும் மேல்காற்று நண்பகலையொட்டித் தளரும். பின்னர்க் கடற்காற்று எழும். மாறும் என்பது தெரியும். மாறும் நாழிகை நாள்தோறும் வேறு. தொலைவில் நீர்ப்பரப்புக் கருத்துத் தோன்றின், ஆங்கே வன்காற்று வருகின்றதென அறிந்து முன்னரே கயிற்றை ஆயத்தமாக வைத்தல் வேண்டும்.

சிறுவர் பயிலும் 'ஆப்டிமிஸ்ட்' என்னும் படகு, 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிற் கிளார்க் மில்ஸ் என்பவர் அமைத்தது. 8 அடிக்கும் குறைந்த நீளமே உடையது. கவிழ்ந்தால் தானே நிமிர்த்தி ஏறவும் பிள்ளைகள் அதிற் பயில்வர். சென்னையிற் பயின்ற நேத்ரா குமணன் (அவ்வள்ளலின் பெயர் கேட்டுத் தமிழாசிரியன் மகிழாதிருப்பது எங்ஙனம்!) 2021இல், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். டோக்கியோவில் 35ஆம் இடம் பெற்ற அவர், 2024இற் பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடத்திற்கு முன்னேறினார்.

உயிருக்குப் பிணை கேட்ட பெரியோர்க்கு ஒன்று கூறுவல். நம் பக்கத்துக் கண்மாய்களிலும் கிணறுகளிலும் பிள்ளைகள் மூழ்கி மாளும் செய்தி நாம் கேளாததன்று. அவர்கள் பாய்ப்படகேறிச் சென்றவரல்லர், நீந்தக் கல்லாதவர். ஆதலின் நம் மாணவர் இருவரும் இப்பங்குனிக்குள் நீந்தப் பயிலட்டும். மிதவைச் சட்டையின்றிப் படகிற் கால் வைப்பதில்லையென்று பெற்றோர் முன்னர் உறுதி கூறட்டும். அதன்பின் விடையளிக்கலாம். வழிச்செலவைப் பற்றிப் பொருளாளர் அவர்கள் பேசுவார்கள்.