ஆறு மாசக் கெடு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

2023 ஆடி மாசம். எங்க அத்தை, அதாவது என் மாமியார், பால் சொசைட்டியில் பால் ஊத்திட்டு ரோட்டோரமா வந்துட்டு இருந்தாங்க. பதினொண்ணாவது படிக்கிற 16 வயசுப் பையன், அப்பாவோட பைக்கில் வந்து இடிச்சுட்டான். தொடை எலும்பு முறிஞ்சு, ஜி.எச்.சில் பிளேட் வெச்சு ஆபரேஷன். அந்தப் பையன் எங்க குழு அக்கா ஒருத்தங்களோட மகன். அவங்களும் இங்கேதான் இருக்காங்க. "சொல்லும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்"னு அவங்க சொன்ன பிறகுதான் பேச வந்தேன்.

ஊர்ப் பெரியவங்க பேசி, செலவைப் பையன் வீட்டார் பாத்துக்கணும், கேஸ் வேண்டாம்னு முடிச்சாங்க. முதல்ல 10,000 வந்தது. அப்புறம் தீபாவளி போகட்டும், அறுப்பு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே போச்சு. அவங்களும் கூலிக்குப் போறவங்கதான். ஆனா எங்க வீட்ல ரெண்டு மாட்டுல ஒண்ணை வித்தாச்சு.

கார்த்திகை மாசக் கூட்டத்தில் கடன் தவணை கட்ட முடியலைன்னு அழுதுட்டேன். எங்க பிரதிநிதி, "விபத்து நடந்து எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள போடணும், 2022 ஏப்ரல் 1-லிருந்து இதுதான் சட்டமாம். விரல் விட்டு எண்ணினோம். நாலரை மாசம் ஓடிப்போச்சு! முன்னாடி இப்படிக் கெடு இல்லாததால, எப்ப வேணா போட்டுக்கலாம்னுதான் பெரியவங்களே நினைச்சிருந்தாங்க.

மறுநாள் கோர்ட்டில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காம வக்கீல் வெச்சுத் தர்றாங்க. ஜி.எச்.சில் சேர்த்தப்பவே போலீசுக்குத் தகவல் போய் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தது நல்லதாப் போச்சு. அந்த வக்கீலம்மா சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. 18 வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி விபத்து ஆனா, பெத்தவங்களும் வண்டி சொந்தக்காரங்களும் குற்றவாளி. 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னா, அதை நிரூபிக்க வேண்டியதும் பெத்தவங்கதான். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும், கம்பெனி நமக்குக் கொடுத்துட்டு, பிறகு வண்டிக்காரங்ககிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு கோர்ட் சொல்றது உண்டு.

இதை அந்த அக்கா வீட்டுல போய்ச் சொல்றதுதான் எனக்குப் பெரிய பாடாப் போச்சு. ரெண்டு மாசம் அவங்க என் முகம் பார்க்கலை, கூட்டத்தில் தள்ளியே உட்காருவாங்க. நான் மட்டும் யோக்கியமா? 14 வயசு என் மகன், மொபெட்டில் போய்ப் புல்லுக்கட்டு ஏத்திட்டு வருவான். சாவியைக் கொடுத்ததே நான்தான். அன்னைக்கு சாயங்காலமே சாவியை அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன்.

கெடு முடிய 11 நாள் இருக்கிறப்ப மனு போட்டோம். அத்தை கைநாட்டு வெச்சாங்க. கேஸ் இன்னும் நடக்குது. போன வாய்தாவுக்கு அந்த அக்காவும் நானும் ஒரே பஸ்லதான் போனோம், நமக்குத்தான் டிக்கெட் இல்லையே.

எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்னு கேட்ட பேப்பரையெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். வேணுங்கிறவங்க விழா முடிஞ்சதும் வாங்கிக்குங்க.