பட்டத்துக்குப் பிறகு வரும் கேள்வி



படிப்பு முடித்த ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மதிப்பெண் பட்டியலை ஒருமுறை புரட்டிவிட்டு, "சொந்த ஊர் எது?" என்றார் அதிகாரி. சொன்னேன். "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். "தகவல் அனுப்புகிறோம்" என்றார்கள். வரவில்லை. என் ஆங்கிலம் போதவில்லை என்று பல காலம் என்னையே நொந்துகொண்டேன்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே யாரும் முகம் பார்க்கவில்லை, ஆங்கிலம் கேட்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தார்கள். அதைப் படித்த அன்றுதான் என்மேல் எனக்கிருந்த கோபம் போனது.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கே 1917இல் பரோடா அரசுப் பணியில் சிப்பந்திகள் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள். தங்கியிருந்த விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பின்னாளில் அரசுப் பணியில் நமக்கு இடஒதுக்கீடு வந்தது. தனியார் வாசலில் அது இன்றும் நுழையவில்லை. நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தமாக மாறும்போது, இருப்பதும் கரைகிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, தயாரிப்பைக் கைவிடாதீர்கள். தனியார் துறை இடஒதுக்கீட்டைக் கேட்பதையும் கைவிடாதீர்கள். வேலையில் இருக்கும் தோழர்களே, உங்கள் அலுவலகத்தில் காலியிடம் வந்தால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு மாமா இருக்கிறார். நமக்கு நாம்தான்.